முன்பாரம், பின்பாரம்

"அத்தை, உங்கள் எடை எத்தனை ராத்தல்?"

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என்னிடம் என் மருமகள் வந்து இப்படிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் காகிதமும் பென்சிலும் வேறு வைத்திருந்தாள். அறுபத்தாறு வயதுக்காரியை, அதுவும் மாமியாரை, நேருக்கு நேர் கேட்கிற கேள்வியா இது?

"எதற்கம்மா?" என்றேன்.

"வண்டி வாங்குவதற்குத்தான்" என்றாள், சர்வ சாதாரணமாக.

மாமியாரின் எடைக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குப் பதில் கிடைத்தபோது, கார் விற்கிறவர்கள் வாயைத் திறந்து சொல்லாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பிள்ளைக்கு அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில், ஷார்லட் என்ற ஊரில் உத்தியோகம். பாங்கிகளுக்குப் பேர்போன ஊர். அதைவிட மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். பந்தய வீரர்களுக்கென்றே 2010-ஆம் வருஷம் அங்கே பெரிய மண்டபம் ஒன்று கட்டி, பழைய கார்களையெல்லாம் கோயில் விக்கிரகம் மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தவன் சும்மா இருப்பானா? இவனும் ஒரு பந்தயக் காரை வாங்கிவிட்டான்.

உடனே பெரிய பணக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். நம் சென்னையில் ஆபீஸ் விட்டதும் ஓடிப் போய் அரிதாரம் பூசிக்கொண்ட அமெச்சூர் நாடகக்காரர்கள் இருந்தார்கள் அல்லவா? அந்த ரகம்தான் இதுவும். கைக்காசைப் போட்டு, சனி ஞாயிறுகளில் ஓட்டி, திங்கட்கிழமை உடம்பு வலியோடு ஆபீஸுக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு 1944-ஆம் வருஷத்திலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா என்று பெயர். தேசம் முழுவதும் இவர்களுக்காகப் பந்தயங்கள் நடத்துகிறது. என் பிள்ளையிடம் இருப்பது மாஸ்டா மியாட்டா. 1989-இல் வெளிவந்த சின்னஞ்சிறு இரண்டு ஆசனக் கார். அந்தப் பிரிவில் எல்லோரும் அதே காரைத்தான் ஓட்ட வேண்டும். பணத்தைக் கொட்டி யாரும் ஜெயிக்கக் கூடாது என்பது நோக்கமாம். எவ்வளவு தூரம் பலிக்கிறதோ!

"பந்தயக் கார்தானே? அதையே ஓட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போனால் என்ன?" என்று முதலில் நான் கேட்டேன். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடந்த நாளில், சிறு பெண்ணாக அண்ணாவோடு போய்க் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தவள் நான். இப்போது அங்கே பந்தயம் கிடையாது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

பிள்ளை சிரித்தான். அந்தக் காருக்குள் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் ஆசனம். சுற்றிலும் இரும்புக் குழாயால் கூண்டு. நம்பர் பிளேட் இல்லாததால் சாலையில் போனால் போலீஸ் பிடிக்கும். டயரோ பந்தயத்துக்கென்றே செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தயத்தில் ஏதாவது முறிந்தால் ஐந்நூறு மைல் தாண்டி எப்படி வீடு திரும்புவது? ஆகவே, நாலு சக்கர டிரெய்லர் ஒன்றில் பந்தயக் காரை ஏற்றி, அந்த டிரெய்லரை வீட்டுக் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆக, காற்றாய்ப் பறக்கிற பந்தயக் குதிரைக்கு ஒரு வண்டி மாடு வேண்டியிருக்கிறது!

அந்த வண்டி மாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்காததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் பட்ட பாட்டை இப்போது சொல்கிறேன்.

பேரனைப் பார்த்துக்கொள்ள நான் ஷார்லட் போயிருந்த வருஷம் அது. ஓஹையோ மாகாணத்தில் லெக்ஸிங்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மிட்-ஓஹையோ என்று ஒரு பந்தயத் திடல் இருக்கிறது. 1962-இல் திறந்தது. ஷார்லட்டிலிருந்து ஏறக்குறைய 500 மைல். "நீயும் வந்து பாரேன் அம்மா" என்றான் பிள்ளை. வீட்டில் இருந்தது, குடும்பத்தோடு போய்வரும் நடுத்தர எஸ்.யு.வி. வண்டி ஒன்று. "இது 5,000 ராத்தல் இழுக்கும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது" என்று அதன் பின்னால் டிரெய்லரைக் கட்டினான். (அமெரிக்காவில் இன்றைக்கும் ராத்தல் கணக்குதான். 5,000 ராத்தல் என்றால் சுமார் 2,270 கிலோ.)

போகும்போது ஒரு குறையும் இல்லை. பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், இரைச்சல், கடைசியிலிருந்து நாலாவதாக என் பிள்ளை. திரும்புகிற அன்று மாலை, களைத்துப் போய்க் காரை டிரெய்லரில் ஏற்றினான். எங்கள் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்தன. "பின்னால் ரொம்ப அழுத்துகிறதே" என்று சொல்லி, பந்தயக் காரை டிரெய்லரின் மேல் ஓர் அடி பின்னுக்குத் தள்ளிக் கட்டினான். எங்கள் வண்டி நிமிர்ந்துகொண்டது. "பார்த்தாயா!" என்றான் பெருமையாக.

மேற்கு வர்ஜீனியா மலைகளைத் தாண்டி, இரண்டு மலைச் சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியே வந்து, ஃபேன்ஸி கேப் என்ற இடத்தை அடைந்தோம். பெயர்தான் ஃபேன்ஸி. வர்ஜீனியா மலையின் விளிம்பிலிருந்து வட கரோலினாச் சமவெளியை நோக்கி நெடுஞ்சாலை மைல் கணக்கில் சரிந்துகொண்டே போகிறது. பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக் கல் கொட்டிய ஒதுக்குப் பாதைகள் சாலையோரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பேரன் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். முதலில், யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு சிறு அசைவு. அப்புறம் இன்னொன்று. நான் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டிய பந்தயக் கார், இடது ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த கணம் வலது பக்கம். பாம்பு வாலை ஆட்டுவதுபோல் டிரெய்லர் ஆட, அந்த ஆட்டத்தில் எங்கள் வண்டியும் அடுத்த வரிசைக்கும் இந்த வரிசைக்குமாக அலைந்தது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி ஹாரனை அலற விட்டது. மருமகள் பேச்சில்லாமல் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ராம நாமம் கூட வாயில் வரவில்லை.

பந்தயம் ஓட்டிய பழக்கம் அந்த ஒரு நிமிஷத்தில் கை கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளை பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடிக்கவும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பெட்டியின் விசையை விரலால் அமுக்கினான். டிரெய்லருக்கென்று தனியாக மின்சாரப் பிரேக் இருக்கிறது; அந்த விசை அதை மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுத்துப் பிடித்த மாதிரி டிரெய்லர் நேரானது. வேகம் குறைந்தது. அடுத்த விலகு பாதையில் இறங்கி நிறுத்தினான். அவன் கை நடுங்கியதை நான் அப்போதுதான் பார்த்தேன். பேரன் கடைசி வரை விழிக்கவில்லை.

மீதி நூறு மைலும், வலது பக்க ஓரத்தில், ஊர்ந்து வந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

'பந்தயக் காரை நாளைக்கே விற்றுவிடு' என்று மருமகள் சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் அவள் பக்கம்தான் பேசியிருப்பேன். ஆனால் மறுநாள் காப்பி குடிக்கும்போது அவள் சொன்னது இதுதான்: "ஏன் அப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டும். அது தெரிகிறவரை டிரெய்லர் நகரக் கூடாது." அவள் பாங்கியில் கணக்குத் தணிக்கை செய்கிறவள்.

பிள்ளை காகிதத்தில் படம் போட்டு விளக்கினான். டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை, இழுக்கிற வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். வேகமும் இறக்கமும் சேர்ந்தால் ஆட்டம் நிற்காது. இவன் காரை ஓர் அடி பின்னுக்குத் தள்ளியதில், கொக்கியில் இருந்த பாரம் நூற்றைம்பது ராத்தலுக்கு மேல் குறைந்துவிட்டது.

"அடப்பாவி, பின்பாரமா!" என்றேன் நான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊர் வண்டிக்காரருக்கு இந்தச் சாஸ்திரம் தெரியும். நாங்கள் ஏறியதும் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பார். மாட்டின் கழுத்தை அழுத்தினால் முன்பாரம். "அம்மா, கொஞ்சம் பின்னாலே தள்ளி உட்காருங்க" என்பார். ஏர்க்கால் மேலே எழும்பினால் பின்பாரம். பாட்டியை முன்னுக்கு நகரச் சொல்லுவார். சென்னை ஜட்காக்காரர்கள் சொன்னதும் இதேதான். மாடு பெரியதா சிறியதா என்பதெல்லாம் அப்புறம். பாரம் சமனாக இல்லாவிட்டால் எந்த மாடும் குடை சாய்க்கும்.

"அப்படியானால் காரை முன்னுக்குத் தள்ளிக் கட்டினால் போதுமே, புது வண்டி எதற்கு?" என்றேன்.

"அங்கேதான் அத்தை, கணக்கு உதைக்கிறது" என்றாள் மருமகள். அப்போதுதான் என் எடையைக் கேட்டாள்.

விஷயம் இதுதான். வண்டி எத்தனை ராத்தல் இழுக்கும் என்பது ஒரு கணக்கு. எத்தனை ராத்தல் சுமக்கும் என்பது வேறு கணக்கு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது முதல் கணக்கு. இரண்டாவது கணக்கை, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் தெரிகிற ஒரு சிறு சீட்டில் போட்டிருக்கிறார்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. டிரெய்லர் கொக்கியில் உட்காருகிற பாரமும் அந்தச் சுமையில்தான் சேர்த்தி. இழுக்கிற சக்தி தாராளமாக இருந்தும், சுமக்கிற சக்தி தீர்ந்து போவது இப்படித்தான்.

டிரெய்லரை முதலில் நெடுஞ்சாலை லாரிப் பேட்டையில் இருக்கும் எடை மேடைக்குக் கொண்டு போனோம். கொஞ்சம் பணம் கட்டினால் யாரும் நிறுத்துப் பார்க்கலாம். "கார் 2,150, டிரெய்லர் 1,900, நாலாயிரத்துச் சொச்சம்" என்று பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தான். மேடை காட்டியது 4,780! மாற்று டயர் எட்டு, ஜாக்கி, கூடாரம், பெட்ரோல் டப்பாக்கள் இவற்றையெல்லாம் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் காய்கறிச் சில்லறை விட்டுப் போகிற மாதிரிதான்.

இனி மருமகள் போட்ட கணக்கைப் பாருங்கள். 4,780-க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கொக்கியில் 574 ராத்தல். பிள்ளை 178, அவள் 136, பேரனும் அவன் ஆசனமும் 50, நான் 142 (ஐயா, அச்சில் ஏறிவிட்டது!) ஆக ஆட்கள் 506. பெட்டிகள், ஐஸ் பெட்டி, தள்ளுவண்டி, ஆயுதப் பெட்டி, கொக்கிச் சாமான் எல்லாம் 280. மொத்தம் 1,360. எங்கள் வண்டிக் கதவில் இருந்த சீட்டு சொன்னது 1,230. ஆகவே, பாரத்தைச் சரியாக முன்னுக்கு வைத்தால் வண்டி தாங்காது; வண்டி தாங்கும்படி வைத்தால் டிரெய்லர் ஆடும். என் பிள்ளை செய்தது அசட்டுத்தனம்தான். ஆனால் அந்த வண்டியில் சரியான வழி என்று ஒன்று இருக்கவே இல்லை.

"5,000 இழுக்கும் என்று எழுதியது பொய்யா?" என்று கேட்டேன். பொய்யில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2008-இல் மோட்டார் என்ஜினீயர்களின் சங்கம் பொதுவான பரீட்சை ஒன்றை வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து அதைப் பின்பற்ற, மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். அந்தப் பரீட்சை சுவாரஸ்யமானது. அரிஸோனா பாலைவனத்தில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து மேலே ஏறுகிற சுமார் 12 மைல் மலைச்சாலையில், 100 டிகிரிக்குக் குறையாத வெயிலில், முழுப் பாரத்தோடு, மணிக்கு 40 மைல் வேகம் குறையாமல் ஏற வேண்டும். அதுவும் ஏர்கண்டிஷனரை முழு மூச்சில் ஓட விட்டுக்கொண்டு! இந்த விதியை எழுதினவர்கள் பின் ஆசனத்தில் குழந்தை இருப்பதை நினைத்தவர்கள் என்று எனக்கு அவர்கள் மேல் மரியாதையே உண்டாயிற்று. ஆனால் அந்தப் பரீட்சையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது, ஆளுக்கு 150 ராத்தலாக இரண்டே பேர். மாமியார், பேரன், ஐஸ் பெட்டி எல்லாம் கிடையாது.

அடுத்து வந்த ஒன்றரை மாதம், சனிக்கிழமை தோறும் வண்டி பார்க்கப் படலம். பெண் பார்க்கப் போன நாளில் கூட எங்கள் வீட்டார் இத்தனை ஆராய்ச்சி செய்ததில்லை.

மினிவேன் என்கிற குடும்ப வண்டி முதலிலேயே தள்ளுபடி. அதன் இழுப்புச் சக்தி பொதுவாக 3,500 ராத்தலோடு சரி. மின்சார பிக்கப் வண்டி ஒன்றைப் பிள்ளை ஆசையோடு பார்த்தான். இழுக்கிற வலு அதற்கு அபாரமாக இருக்கிறது. ஆனால் டிரெய்லரைக் கட்டினால் ஒரு தடவை சார்ஜ் செய்து ஓடும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வழியில் சார்ஜ் செய்யும் இடங்களிலோ பெரும்பாலும் டிரெய்லரைக் கழற்றி வைத்தால்தான் வண்டியே உள்ளே நுழையும். பக்கத்து ஊர்த் திடலுக்குச் சரி, 500 மைலுக்கு ஆகாது.

அப்புறம் டீஸல் என்ஜின் போட்ட கனரக பிக்கப். அடேயப்பா, யானை! மலையையே கட்டி இழுக்கும்; இறக்கத்தில் என்ஜினே பிரேக் பிடிக்கும். பிள்ளையின் பந்தயச் சிநேகிதர் ஒருவர் வைத்திருக்கிறார். அவர் டிரெய்லர் நாலு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி. காரோடு சேர்த்தால் 8,000 ராத்தலை எட்டும். தவிர, அந்தத் தட்டையான முகப்பு காற்றை ஒரு சுவர் மாதிரி எதிர்த்துக்கொண்டு போகிறது. அவருக்கு யானை வேண்டியதுதான். எங்களுக்கு? பாரமில்லாமல் கடைக்குப் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும். விலையும் எட்டாது. நானோ ஏணி இல்லாமல் ஏற முடியாது. மூடிய டிரெய்லர் வாங்குகிற கனவை மருமகள் அன்றைக்கே மூட்டை கட்டச் சொன்னாள். "திறந்த டிரெய்லரே இருக்கட்டும். கார் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்."

மிஞ்சியது இரண்டு. லாரிச் சட்டத்தின் மேல் கட்டிய பெரிய எஸ்.யு.வி.; அல்லது நாலு கதவுள்ள சாதாரண பிக்கப். முதலாவதில் உட்கார வசதி அதிகம், எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் பெட்ரோல் டப்பாவும் எண்ணெய்க் கந்தலும் குழந்தை இருக்கும் அதே அறைக்குள் வர வேண்டும். பிக்கப்பில் அவை வெளியே, பின் தொட்டியில் கிடக்கும். அந்த ஒரே காரணத்துக்காக என் ஓட்டை மாற்றிக்கொண்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் டிரெய்லர் அசைத்தாலும் பிக்கப் எளிதில் அலையாது என்று பிள்ளை ஒரு காரணம் சொன்னான்.

பிக்கப் என்று தீர்மானமான பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பழைய வண்டி விற்கும் ஓர் இடத்தில் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே நிறத்தில் இரண்டு நின்றன. ஒன்றில் தோல் ஆசனம், கண்ணாடிக் கூரை, தானே மடிந்து இறங்கும் படிக்கட்டு. மற்றது வெறும் துணி ஆசனம். "இரண்டும் 11,000 ராத்தலுக்கு மேல் இழுக்கும் மேடம், உங்களுக்கு ஏற்றது அலங்கார வண்டிதான்" என்றார் விற்பனைக்காரர். மருமகள் பதில் சொல்லாமல் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டைப் படித்தாள். அலங்கார வண்டியில் 1,390. துணி ஆசன வண்டியில் 1,840! விற்பனைக்காரரே வந்து எட்டிப் பார்த்தார். அதுவரை அவர் படித்ததில்லை போலிருக்கிறது.

காரணம் எளிது. கண்ணாடிக் கூரையும் மோட்டார் படிக்கட்டும் வண்டியோடு ஒட்டிய பாரம். அது ஏற ஏற, நாம் ஏற்றக்கூடியது குறையும். கல்யாணப் புடவையில் ஜரிகை கூடினால் சுமப்பது பெண்தானே? எங்களுக்கு வேண்டியது 1,360. அலங்கார வண்டியில் மிச்சம் 30 ராத்தல். பேரன் ஒரு வருஷம் நன்றாகச் சாப்பிட்டால் போதும், தீர்ந்துவிடும். துணி ஆசன வண்டியில் மிச்சம் 480.

பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது. கண்ணாடிக் கூரை வழியாக நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், பாவம். துணி ஆசன வண்டியில் இழுப்புக்கான ஜோடனை எல்லாம் கம்பெனியிலேயே போட்டிருந்தது. கியர் பெட்டி சூடாகாமல் இருக்கக் குளிர்விப்பான், டிரெய்லர் பிரேக்கின் விசை, டிரெய்லருக்கு அப்பால் பார்க்க நீளக் கண்ணாடிகள். இவற்றைப் பின்னால் சேர்ப்பது செலவு என்று அந்தப் பந்தயச் சிநேகிதர் எச்சரித்திருந்தார். அதையே வாங்கினோம். பத்தொன்பது அடி நீளம். காரேஜில் அரிசி மூட்டை அலமாரி இருக்கிற வரையில் உள்ளே நுழையாது. வாசலிலேயே நிற்கிறது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. டிரெய்லரோடு போனால் காலனுக்குப் பத்து மைல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வாங்கிய பிறகும் மருமகள் விடவில்லை. கொக்கியில் சரியாக எத்தனை ராத்தல் உட்காருகிறது என்று பார்க்க வேண்டுமென்றாள். அதற்கு ஒரு கை வைத்தியம் இருக்கிறது. குளியலறையில் நாம் ஏறி நின்று பெருமூச்சு விடுகிறோமே, அந்த எடை யந்திரம் போதும். ஆனால் ஐந்நூறு அறுநூறு ராத்தலை அதன் தலையில் நேராக வைத்தால் யந்திரம் நசுங்கிவிடும். ஆகவே, மூன்றடிக் கனமான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், மறு முனையை யந்திரத்தின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து சரியாக ஓர் அடி தூரத்தில் டிரெய்லரின் ஏர்க்காலை இறக்க வேண்டும். யந்திரம் காட்டுவதில் சட்டத்தின் பாரத்தைக் கழித்து மூன்றால் பெருக்கினால் உண்மை எடை. எங்களுக்கு 190 காட்டியது. மூன்றால் பெருக்கினால் 570. அந்த நிலையில் பந்தயக் காரின் முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றனவோ, அங்கே டிரெய்லர் பலகையில் இரண்டு கட்டைகளைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டான் பிள்ளை. எத்தனை களைப்போடு ஏற்றினாலும் கார் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுபடியும் மிட்-ஓஹையோவுக்குப் போனோம். புறப்படுகிற அன்று எடை மேடையில் நாலு பேரும் உட்கார்ந்தபடியே நிறுக்கச் செய்தாள். நான் இறங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "நீங்களும் கணக்கில் உண்டு அத்தை" என்றுவிட்டாள். திரும்பும்போது அதே ஃபேன்ஸி கேப். பிள்ளை உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொண்டு, மணிக்கு ஐம்பதுக்கு மேல் போகாமல் இறக்கினான். நான் திரும்பிப் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பந்தயக் கார் நடுவில், நகராமல், சாமி வாகனம் மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதி மலை இறங்கியதும் மருமகள் பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

பந்தயத்தில் இந்தத் தடவை கடைசியிலிருந்து ஏழாவது.

நான் சென்னை திரும்பி வருஷம் ஒன்றாகிறது. வருகிற கோடைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போன வாரம் மருமகள் டெலிபோன் செய்தாள். க்ஷேமலாபங்கள் விசாரித்தாள், டிக்கெட் தேதி சொன்னாள். வடுமாங்காய் ஜாடி ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. பென்சில் தேடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

"ஜாடியோடு எத்தனை ராத்தல் அத்தை?"